வெள்ளைக்காரன் கட்டின மறியல்

வெஸ்ட்மீட்டில் கண் வைத்தியரின் காத்திருப்பறை. சொட்டுமருந்து விட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் சத்தம் அடக்கிய தொலைக்காட்சி. கறுப்பு வெள்ளையில் ஏதோ ஓடுகிறது. சிறையுடுப்பில் மூன்று பேர் வெகு சாவகாசமாகத் தேத்தண்ணி குடிப்பது மங்கலாகத் தெரிந்ததுமே பிடிபட்டுவிட்டது. சிறைக்குள் நடக்கும் பழைய பிரித்தானியச் சிரிப்புப் படம். நான் சிரிக்கவில்லை. மருந்து எரிந்தது.

கண் எரிச்சல் என்றால் எனக்குப் பக்கத்து ஊரான டூங்கபியின் பலகை வீடுதான். எழுபதுகளின் நடுவில், கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நானும் சிவராசா அண்ணையும் அதில் வாடகைக்கு இருந்தோம். செத்தல் மிளகாய் வறுத்தால் இருவரும் குசினியை விட்டு ஓடுவோம். பெட்டியில் வரும் காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் ஊறவைத்து, அதைச் சம்பல் என்று நம்பிய காலம். அவருக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நான் பரமட்டாவில், யாரோ கட்டப்போகும் கட்டடங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சிப் பெட்டியில் இந்தப் படம் வந்தது. அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதமும் வந்திருந்தது. அண்ணையின் தம்பி குகனைச் சுவரொட்டி ஒட்டினான் என்று பிடித்து, விசாரணையில்லாமல் கொழும்புச் சிறையில், ஊர்ப்பேச்சில் மறியலில், போட்டிருந்தார்கள். அவன் வரும்வரை சோறு தொடமாட்டேன் என்று அவர்களின் அம்மா வெறும் தேத்தண்ணியோடு கிடக்கிறாவாம். பக்கத்துவீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

படத்தில் காவலர் ஏமாந்துகொண்டே இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் குந்தியிருந்தார்.

"ஐசே, அந்தக் கட்டிலைப் பார்த்தீரோ? மெத்தை!"

"அண்ணை, அது படம்."

"படமெண்டாலும் வெள்ளைக்காரன்ரை மறியல்தானே. எங்கடையும் அவன் கட்டினதுதான்."

"கட்டினவன் தேத்தண்ணியும் ஊத்தி வைச்சிட்டோ போனவன்?"

"விசர்க்கதை கதைக்காமல் பேனையைத் தாரும்."

படம் முடியுமுன் அம்மாவுக்கு எழுத நீல விமானக்கடிதத்தை விரித்துவிட்டார். குகன் இருக்கும் இடம் பற்றி விசாரித்தேன் என்று தொடங்கி, கட்டில் ஒன்று, கம்பளி இரண்டு, காலையில் பால் தேத்தண்ணி.

"கொழும்பு வெக்கைக்கு ரெண்டு கம்பளி கூடிப்போச்சு அண்ணை" என்றேன். ஒன்றை வெட்டினார். அளவுப் பிழை என்றால் எனக்குத் தாங்காது, தொழில் அப்படி.

மூன்று கிழமையில் அம்மாவின் பதில் வந்தது. அம்மா சோறு சாப்பிடுகிறா. அண்ணை எழும்பி அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். பிறகுதான் அடுத்த பந்தியை வாசித்தார். அவ்வளவு நல்ல இடமென்றால் போய்ப் பார்க்கலாம்தானே, வாற கிழமை ரயில் ஏறுகிறேன், அந்தக் கட்டிலையும் ஒருக்கால் பார்க்கவேணும்.

கடிதத்தின் தேதியைப் பார்த்தார். அம்மா போய்த் திரும்பியும் இருப்பா.

அடுத்த கடிதம் வரும்வரை அவர் சோறு சமைக்கவில்லை. கடையில் வாங்கிய பாண் துண்டுதான்.

கடிதம் வந்தபோது, "நீர் வாசியும் ஐசே" என்று நீட்டினார். வாசித்தேன்.

"நீ எழுதின மாதிரியேதான் மோனை. கட்டில், கம்பளி எல்லாம் இருக்கு. குகன் கொஞ்சம் கொழுத்தும் போனான். நீ அங்கை வேளைக்குச் சாப்பிடு."

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொழுத்துப் போனானாம்."

"ஓம் அண்ணை."

"நான் கட்டில்தான் எழுதினனான். அதை நான் எழுதேல்லை."

பிறகு அரிசி கழுவப் போனார்.

அடுத்த வருஷம் குகன் வெளியே வந்தான். கட்டிலைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை.

அந்தப் பலகை வீடு நின்ற இடத்தில் இப்போது செங்கல் அடுக்குமாடி. அண்ணையும் இல்லை, அம்மாவும் இல்லை. நீலத்தாள் யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தொலைபேசி. சாப்பிட்டீங்களோ என்று கேட்டால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு. வரப்போவது பொய்யென்று அந்த மூச்சே சொல்லிவிடுகிறது. அப்போது ஒரு பொய் கடல் தாண்டப் பத்து நாள் எடுத்தது. அதற்கு ஈடான இன்னொன்று திரும்பி வரப் பத்து நாள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்த கரையில் சோறு வெந்தது.