பஸ்ஸோடு போன தேக்கிலை

அம்மையார்குப்பத்தில் பானுப்ரியாவின் வீட்டில் இரண்டு பவர்லூம். அவள் புருஷன் தேசப்பன் அதில் லுங்கி நெய்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கொடியிலிருந்து விழுந்து கிடந்த வெள்ளைத் துணியைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். அடியில் ஒரு தேக்கந்தளிர். நரம்பு முதற்கொண்டு சிவப்பாகத் துணியில் பதிந்துவிட்டது. திட்டிக்கொண்டே துவைத்தாள்; போகவில்லை. மறுபடி துவைத்தாள். அப்புறம்தான், அட, நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. துணியில் இலையைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, சுத்தியலால் தட்டுவாள். துப்பட்டா, தலையணை உறை, ஒன்றையும் விடவில்லை. முன்னாடியே படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்பதையும் செய்து செய்தே கண்டுபிடித்தாள்.

போன ஆவணியில் திருத்தணிக் கல்யாண மண்டபம் ஒன்றில் மகளிர் குழுக்கள் கண்காட்சி வைத்தார்கள். "நீ மேடைல செஞ்சே காட்டணும்" என்று குழுத் தலைவி மனோரமா சொல்லிவிட்டாள். பானுப்ரியாவுக்குச் சுத்தியல் பயமில்லை, மைக்தான் பயம். பஸ்ஸில் வழியெல்லாம் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், இறங்கும்போது துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஈரச்சாக்கில் சுற்றிய தேக்கிலைக் கட்டு சீட்டுக்கடியிலேயே கிடந்தது.

மண்டபத்தில் பையைத் திறந்தபோதுதான் கட்டு இல்லாதது தெரிந்தது.

"அக்கா, எலை பஸ்லயே போச்சு."

"இன்னாடி சொல்ற! ஜனம் உக்காந்துகினு இருக்குது!"

வேறு வழியில்லாமல் பானுப்ரியா மைக்கைப் பிடித்தாள். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. "வணக்கம்ங்க. கொண்டாந்த தேக்கெலைய பஸ்ல மறந்துட்டேன். இந்நேரம் அது பள்ளிப்பட்டுக்குப் போயிகினு இருக்கும்."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்தது. "இங்க சுத்துவட்டாரத்துல கெடைக்கிற எலை, பூ எதுனா எடுத்தாங்க. எது பதியும், எது பதியாதுன்னு எனக்கே தெரியாது. தட்டிப் பாத்துடலாம்."

அரைமணி நேரத்தில் மேஜை நிறைந்துவிட்டது. பூக்கடைக்காரி ஒருத்தி மடி நிறைய செம்பருத்தி கொண்டுவந்தாள். யாரோ மண்டபத்து வேலியிலிருந்து சங்குப்பூ பறித்துவந்தார்கள். அரளியை மட்டும், "விஷம்ங்க, வாணாம்" என்று தள்ளி வைத்தாள். வாழையிலை சொதசொதவென்று நசுங்கியதே தவிர ஒன்றும் பதியவில்லை. முருங்கையிலையோ பச்சைப் பொட்டு வைத்த மாதிரி பளிச்சென்று விழுந்தது. சங்குப்பூவின் நீலத்தைப் பார்த்து ஜனத்தைவிட அவள்தான் அதிகம் கூச்சல் போட்டாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் முன்னால் வந்தார். பேர் பரசுராமன், மலையிறங்கி வந்தவர், அன்னதானம் என்று நினைத்து உள்ளே நுழைந்திருக்கிறார். தோளில் இருந்த வெள்ளைத் துண்டை விரித்தார்.

"இதுல ஒரு பூ போடும்மா."

"படிகாரத்துல ஊறாத துணிங்க. பூச்சாயம் தேக்கு மாதிரி நிக்காது, தொவைச்சா போயிடும்."

"தொவைக்கவே மாட்டேன், போ."

சுத்தியலை அவரே வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார். செம்பருத்தி கூழாகிவிட்டது.

"மாமா, கல்லா ஒடைக்கிறீங்க? மெதுவா!"

இரண்டாவது பூ ஐந்து இதழோடு ஊதாவாக விழுந்தது. அவர் துண்டைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்து மண்டபத்தைச் சுற்றி வந்தார். அதற்கப்புறம் சுத்தியலுக்கு வரிசை நின்றது. மத்தியானத்துக்குள் அவள் கொண்டுவந்த ஐந்து மீட்டர் துணியிலும் இடம் மிச்சமில்லை. மனோரமா அதை மேடைக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டாள்.

தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள் பானுப்ரியா. தேசப்பன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மைக்ல பேசினியா?"

"ஆங், பேசினேன். விடவே மனசு வரல. கடைசில மனோரமாக்காதான் புடுங்கினாங்க." தண்ணீர் குடித்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம பொதட்டூர்பேட்டைலேர்ந்து எட்டுப் பேர் கத்துக்க வராங்க. நம்மகிட்ட சுத்தியல் ஒண்ணுதாங்க இருக்குது."

தேசப்பன் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீடுகளில் கேட்கக் கிளம்பினார்.