எஸ்டேட் காரும் ஒரு கேன் அருவித் தண்ணீரும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்று தெரு முழுக்க ஒரே கேள்விதான்: "எந்த எஸ்டேட்டு?" தப்பு அப்பாவுடையது. பின்பக்கம் கடைசிவரை கூரை போட்டு நீளமாக இருக்கிற அந்த மாதிரி வண்டிக்கு எஸ்டேட் கார் என்று பெயராம். அதை எங்கேயோ படித்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "எஸ்டேட் காரு" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். செங்கோட்டையைத் தாண்டினால் ரப்பர் எஸ்டேட், தேயிலை எஸ்டேட் என்று பார்த்துப் பழகின தென்காசிக்காரர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? மலைமேல் எங்களுக்கு ஏதோ சொத்து விழுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு வாரம் அப்பாவைக் கண்டால் எழுந்து நின்றார்.

அப்பா டிராயிங் மாஸ்டர். எந்தப் பொருளிலும் அவர் கண்ணுக்கு முதலில் படுவது நிறம். ஆரியங்காவுப் பக்கத்தில் ஒருத்தர் வீட்டு முற்றத்தில் அந்த வண்டியைப் பார்த்ததும், மழைக்கு முந்தி மலை இருக்கிற நிறம் என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கிவிட்டார். வண்டி அதுவரை ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. விற்றவர் அதை மறைக்கவில்லை. "ஒரு வாரம் ஓடிச்சுப் பாரு சாரே, பிடிச்சில்லெங்கில் திரிச்சுக் கொண்டு வா" என்று மலையாளம் கலந்து சொல்லி, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று அனுப்பியிருந்தார்.

அம்மா கிலோமீட்டர் முள்ளுக்குக் கீழே இருந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தாள்.

"என்னங்க இது, போன் நம்பர் மாதிரி இருக்கு?"

"ஏழு தடவை பூமிய சுத்துன வண்டியாக்கும்" என்றார் அப்பா.

"அப்ப அதுக்கு மூட்டுவலி இருக்கும்லா."

அம்மா நர்ஸ். எதைப் பார்த்தாலும் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற ஆள். அவள் கண்ணில் வண்டி வாசலுக்கு வந்திருக்கிற நோயாளி. கொண்டுவந்தவர்கள் சொல்வதை நம்பக்கூடாது, நாமே பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் கார் வாங்கியது எங்களுக்காக இல்லை, அத்தைக்காக. அப்பாவின் அக்கா சிவகிரியில் தனியாக இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்ததிலிருந்து அவளால் மடங்கி உட்கார முடியாது. ஆட்டோ ஆகாது, பஸ் ஆகாது, சாதாரணக் காரில் பத்து நிமிஷம் போனாலே உயிர் போகும். சாரல் சீசனில் எங்கள் வீட்டில் வந்து தங்கி, ஒரு நாள் விடாமல் அருவியில் கிடந்தவள், இரண்டு வருஷமாகக் குற்றாலத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. நீளவாக்கில் மெத்தை போட்டால் அவள் காலை நீட்டிப் படுத்தபடியே வரலாம் என்பதுதான் அப்பாவின் திட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாகப் போனில் சத்தியம் செய்துவிட்டார். ஆடி முடியப்போகிறது, சாரல் எந்த நாளும் ஓயலாம். எனக்கு அத்தை என்றால் உயிர். எனக்கு அப்போது ஒன்பது வயது, தலையில் பேன் பார்க்கிறபோதுகூடக் கதை சொல்கிற ஆள் அவளைத் தவிர வேறு யாரும் எனக்கு இல்லை.

அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அட்டையில் "கார்" என்று எழுதினாள். தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஆயில் கம்பியை உருவிப் பஞ்சில் துடைத்துப் பார்த்தாள், கறுப்பு. "மாத்தணும்." டயரில் இருக்கிற நாலு எண்ணைப் பார்த்தால் அது செய்த வருஷம் தெரியும் என்று கேட்டுவிட்டு, டார்ச் அடித்துக் குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். நாலு டயரும் சுமார், ஸ்டெப்னி மட்டும் எனக்கு அக்கா முறை. பின்பக்க விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து மோந்தாள். ஈர வாடை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க, அப்பாவை உள்ளே படுக்கவைத்து மேலே வாளி வாளியாக ஊற்றினாள்.

"ஒழுகுதா?"

"முகத்துல ஒழுகுது" என்றார் அப்பா உள்ளேயிருந்து. தெருவில் பாதிப்பேர் எங்கள் வாசலில்தான். எஸ்டேட் முதலாளியைப் பெண்டாட்டி காருக்குள் போட்டுக் குளிப்பாட்டுகிறாள் என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்?

பின்கதவு ரப்பரை மாற்றினார்கள். உள்ளே ஓடுகிற பெல்ட் எப்போது மாற்றினதென்று விற்றவருக்கே தெரியாததால் அதையும் புதிதாகப் போட்டார்கள். பிரேக் ஆயில் மாறியது. எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் என்கிற பச்சை நிறத் தண்ணீரின் தொட்டியில், அம்மா ஆஸ்பத்திரி பிளாஸ்டரைக் கிழித்து அளவு ஒட்டினாள். இதிலிருந்து ஒரு நூல் இறங்கினாலும் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம். சாயங்காலம் எஞ்சினுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துவைப்பாள். காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகம் வந்தது. குறை கண்டுபிடிப்பதில் இவ்வளவு மும்முரம் ஏன்? வியாழக்கிழமை அதற்குப் பதில் கிடைத்தது. நான் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள் பாப்போம். பாத்துட்டு ஞாயித்துக்கிழம அனுப்பிரலாம்."

"சரி, அனுப்பிரலாம்" என்றார் அப்பா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, மனுஷன்!

விற்றவர் கொடுத்த ஒரு வாரமும் ஞாயிற்றுக்கிழமையோடுதான் முடிகிறது. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது, வகுத்தல் அல்ல, இந்தக் கணக்கு. இன்னும் ஒரு குறை கண்ணில் பட்டால் போதும், வண்டி திரும்ப ஆரியங்காவுக்குப் போய்விடும். அத்தை சிவகிரியில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஓடினேன். பேப்பரில் பச்சையாக ஒரு சொட்டு, பெரிய பொட்டு அகலம். பேப்பரைச் சுருட்டி வாய்க்காலில் எறிந்துவிட்டு வேறு பேப்பரை விரித்தேன். எஞ்சின் மூடியைத் திறக்க அப்பா சொல்லித்தந்த பிடியை இழுத்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, முன்மூடியைத் தலையால் முட்டித் தூக்கினேன். தொட்டியில் தண்ணீர் பிளாஸ்டருக்குக் கீழே இறங்கியிருந்தது.

அடுப்படியில் ஒரு கேன் அருவித் தண்ணீர் இருந்தது. சீசனில் அப்பா வாரம் ஒரு கேன் பிடித்து வருவார். மலையில் எத்தனையோ மூலிகையைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், அதற்குத் தீராத சீக்கு இல்லை என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காருக்கு மட்டும் கேட்காதா? ஒரு சொம்பு ஊற்றினேன். தண்ணீர் பிளாஸ்டரைத் தொட்டது. ஓட்டை சின்னதாக இருந்தால் மூலிகையே அடைத்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை.

அடைக்கவில்லை. சனிக்கிழமையும் பேப்பரை மாற்றினேன், இரண்டு சொம்பு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேனைக் கவிழ்த்தேன்.

அம்மா மூன்று நாளும் பேப்பரைப் பார்த்தாள், பிளாஸ்டரைப் பார்த்தாள், நோட்டில் "சரி" என்று எழுதினாள். "கலர் மட்டும் வெளுத்தாப்ல இருக்கு" என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். அப்புறம் "ஏறுங்க, சிவகிரி போவோம்" என்றாளே பார்க்கணும். ஜெயித்துவிட்டேன்!

சிவகிரி போய்ச் சேரும்வரை வண்டி கும்மென்று போனது. அத்தை வாசலில் புதுச்சேலையோடு கைத்தடியை ஊன்றி நின்றாள். வண்டியைப் பார்த்ததும், "ஏ தம்பி, என்னலே இது, ஆளக் கூட்டிட்டுப் போற வண்டியா, தூக்கிட்டுப் போற வண்டியா?" என்று கேட்டு அவளே முதலில் சிரித்தாள். அம்மாதான் அவளை ஏற்றினாள். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை, "மைனி, மூச்ச விடுங்க, இப்ப" என்று ஒரே திருப்பு. அத்தை மெத்தையில் கிடந்தாள், ஒரு முனகல் இல்லை. அவளைச் சுற்றி இரண்டு தகரப் பெட்டி, ஒரு சாக்குமூட்டை, தையல் மெஷின்கூட ஏறியது.

"குளிக்கப் போறதுக்குத் தையல் மெஷின் எதுக்கு அத்தை?"

"அருவி வேகத்துல துணி கிழிஞ்சா தைக்கணும்லா?"

நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

புளியங்குடியைத் தாண்டவில்லை. அப்பா மேற்கே மலைமேல் மேகம் இறங்குவதைக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்கேருங்க, சூட்டு முள்ளு ஏறுது" என்றாள் அம்மா. அப்பா மேகத்திலிருந்து கண்ணை எடுப்பதற்குள் முன்மூடிக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எஞ்சின் போச்சுன்னா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததே இல்லை. அத்தையை அந்த வண்டியிலிருந்து வேறு எதில் மாற்றுவது? எதிலும் அவளால் உட்கார முடியாதே. அருவியும் கிடையாது, வீடும் கிடையாது, நடுரோட்டில் மெத்தையோடு அத்தை. பின்னாலிருந்து அவள், "ஒன்னும் பதறாண்டாம்ப்பா, எனக்கு வசதியாத்தான் இருக்கு" என்று சொன்னதும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. சொட்டு, பேப்பர், சொம்பு, கேன் எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குக் காட்டத்தான பேப்பர விரிச்சேன்? நீ மறைச்சா ஆபத்து யாருக்குட்டி? உள்ள இருக்கவங்களுக்குல்லா! எதுக்கு மறைச்ச?"

"நீதான ஞாயித்துக்கிழம அனுப்பிரலாம்னு சொன்ன? காரத் திருப்பி அனுப்பிட்டா அத்தை எப்படி வருவா?"

அம்மா ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"ஏட்டி, கூறுகெட்டவளே! ஆஸ்பத்திரியில 'அனுப்பிரலாம்'னா குணமாயிட்டுன்னுல்லா அர்த்தம்! வண்டிக்கு எல்லாம் பாத்தாச்சு, சிவகிரிக்கு அனுப்பலாம்னுல்லா சொன்னேன்!"

"என்னட்டி சிரிப்பு? எனக்கும் சொல்லுங்க!" என்று அத்தை உள்ளேயிருந்து தகரப் பெட்டியைத் தட்டினாள். அப்பா பின்கதவைத் தூக்கிவிட்டு விவரம் சொன்னார். அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, கம்பி ஆடுது" என்று அலறி அலறிச் சிரித்தாள். எலுமிச்சை மூட்டை ஏற்றியவர்கள் எல்லாம் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். எஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்து, குனிந்து ஒரு ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். குழாயைக் கவ்வியிருந்த கிளிப் லூஸ். நாலு திருகு. அவ்வளவுதான்.

"நேரத்துக்கு நிறுத்திட்டீங்க, எஞ்சின் தப்பிச்சுது. மொத நாளே காட்டியிருந்தா ரெண்டு நிமிச வேல" என்றவர், விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "இதென்ன, வெறுந்தண்ணியா?"

"குத்தாலத் தண்ணி" என்றேன்.

"அப்ப வண்டிக்கு வயித்துக்கோளாறு வராது. உள்ள துருதான் பிடிக்கும். பச்சக் கலர்ல கூலண்ட் விப்பாங்க, அத வாங்கி ஊத்துங்க." போகிறபோது அப்பாவிடம், "சார், மகள வைத்தியத்துக்குப் படிக்க வைங்க, மெக்கானிக் வேலைக்கு மட்டும் விட்டுராதீங்க" என்றார்.

குற்றாலம் பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. டீக்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கினார் அப்பா. அதில் தலையணையை அண்டக்கொடுத்து அத்தையைச் சாய்த்தார்கள். அம்மா ஒரு பக்கம், முன்பின் தெரியாத மூன்று பெண்கள் மறுபக்கம். "வழிய விடுங்கட்டி, பெரியம்மா வாரா!" என்று யாரோ கத்தினார்கள், கூட்டம் பிளந்தது. முதல் தண்ணீர் தோளில் அறைந்ததும் அத்தை வீறிட்டாள். நான் பயந்தே போனேன். "அடி, நல்லா அடி! ரெண்டு வருசமா எங்க போன நீ!" என்று அருவியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏச ஏசச் சிரிப்பு. அம்மா சேலையோடு நனைந்து, நாற்காலியின் இரண்டு கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, அவளும் கத்தினாள். என் அம்மா கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. நான் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

வண்டி சிவகிரிக்குத் திரும்பவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தது. பெட்டிகள் என் அறைக்குப் போயின. எனக்கு வாயெல்லாம் பல். "எத்தனை நாள் இருப்ப அத்தை?" என்று கேட்டேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அவள், "அருவியில தண்ணி இருக்க மட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அருவியைப் பற்றிய கவலை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் குற்றாலத்திலிருந்து வருகிற பிள்ளைகளிடம் "தண்ணி விழுதா?" என்று விசாரிப்பேன். ஆவணி போய், ஐப்பசி மழையில் நிரம்பி வழிந்து, தை வரைக்கும் ஓடியது. அந்த வருஷம் அருவிக்காக என்னைப் போல யாரும் சாமி கும்பிட்டிருக்க மாட்டார்கள். மாசியில் ஒருநாள், பேரருவி வெறும் பாறையாகக் கிடக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். வீட்டுக்குள் அழுதுகொண்டே நுழைந்தேன். அத்தை மேசைமேல் வைத்த மெஷினில், நின்றபடியே என் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "யார்ட்டி அடிச்சா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் தெரிந்துவிடுமே, கிளம்பிவிடுவாளே.

அம்மா என்னைக் கூப்பிட்டு, பையையும் ரேஷன் கார்டையும் கையில் திணித்து, சீனி வாங்கி வரச் சொன்னாள். கார்டை அப்பா அன்றைக்குத்தான் தாலுகா ஆபீசிலிருந்து வாங்கி வந்திருந்தார். கார்டைத் திறந்து பார்த்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர். அதற்குக் கீழே, புது மையில், அத்தையின் பெயர். நான்கையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கார்டை மூடி வைத்துக்கொண்டு, அத்தை போகப்போகிறாளே என்று கடை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.