இந்தியாவில் நடந்த எங்கள் வீட்டுத் துக்கம்

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை லுணுகலையிலிருந்து என் மகளைப் பார்க்க வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சாமி விளக்கு ஏற்றியிருக்கவில்லை. மனைவி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணனோட அம்மா தவறிட்டாங்க. பதினாறு நாள் கழியாம நல்ல காரியம் ஏதும் வேணாம்."

அவளுக்கு அண்ணன் கிடையாது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தன் ஆடுகளையும் அடுப்பையும் தாயாரையும் தினமும் யூடியூப்பில் காட்டுகிற ஒருவரைத்தான் சொல்கிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது; சனமெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டது. கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த மனிதர்தான் பேச்சுத்துணை. "சாப்பிட்டீங்களா தங்கச்சி?" என்றுதான் ஒவ்வொரு நாளும் ஆரம்பிப்பார். "ஆச்சுண்ணே" என்று இவள் ஃபோனுக்குப் பதில் சொல்வாள். பக்கத்தில் நான் பசியோடு உட்கார்ந்திருப்பேன்.

"அந்தாளுக்கு உன் பேராச்சும் தெரியுமா?"

"நான் எழுதினதுக்கு ஹார்ட் போட்டாரு."

"எல்லாருக்கும்தான் போடுறாரு."

"உங்களுக்கு யாராச்சும் போட்டாங்களா?"

ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போய் வந்த இடம் இது. மகள்தான் கடைசியில் சொன்னாள், "அம்மா இந்த மூஞ்சியோட வந்து நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க? தள்ளிப் போடுங்கப்பா."

பதுளையில் நான் வேலை பார்க்கும் ஹார்ட்வெயார் கடையில், ஆட்களிடம் பேசக் கூச்சப்படுவேன் என்றுதான் முதலாளி என்னைப் பின்னாலுள்ள ஸ்டோரில் வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவன் சம்பந்தி ஆகப்போகிறவருக்கு ஃபோன் எடுத்தேன். "வீட்டுல ஒரு துக்கங்க. சம்சாரத்தோட பெரியம்மா. இந்தியாவுல" என்றேன். அவர் உடனே நம்பினார். எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் குடியுரிமை இல்லையென்று இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன சொந்தம் இல்லாத வீடு ஏது?

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். துக்கம் விசாரிக்காமல் நல்ல காரியம் பேசக் கூடாது என்று அதே ஞாயிற்றுக்கிழமை சீனியும் தேயிலையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் மனைவியைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள். மகள் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி கொடுத்தாள்.

வாசலில் என்னோடு உட்கார்ந்த மாப்பிள்ளையின் தகப்பனார், "எப்படிப்பட்ட மனுசிங்க?" என்று கேட்டார்.

நல்ல மனுசி என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்கு வருசமாக ஒரே அறையில் இருந்து கேட்டவன் நான். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஊறுகாய் ஜாடியை மருமகள் தொட விடமாட்டார், கறுப்பு ஆடு அவர் கையால் கொடுத்தால்தான் இலை தின்னும் என்று சொல்லிக்கொண்டே போனேன். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. உள்ளுக்குள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க அக்காவும் கப்பல்ல போனதுதாங்க. கடைசிக் கடுதாசி திண்டுக்கல்லுல இருந்துதான் வந்துச்சு. காரியத்துக்குப் போனீங்கன்னா கொஞ்சம் விசாரிங்களேன்." சீனி சுற்றியிருந்த தாளில் ஒரு துண்டு கிழித்து அக்காவின் பெயரை எழுதித் தந்தார்.

அந்தத் துண்டு என் சட்டைப்பையில் கிடந்து உறுத்தியது. மனைவி தன் பங்குக்கு அந்தப் பெயரை அண்ணனுக்கு எழுதிக் கேட்டாள். பதிலுக்கு ஒரு ஹார்ட் வந்தது. அன்று எனக்கு வந்த கோபத்துக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் அக்காவின் சேதிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

பதினாறு முடிந்த மறுநாள் பசறையில் பஸ் ஏறி லுணுகலைக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே துண்டை நீட்டினேன்.

"அது சொந்தமில்லைங்க. ஃபோன்ல வர்ற அம்மா. இவ தினம் பாப்பா. போகவர எங்களுக்கு அங்க யாருமில்லைங்க."

அவர் அதை வாங்கி நான்காக மடித்தார்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. அதுதான் தள்ளிப் போடச் சொன்னுச்சு."

அவர் ரோட்டைப் பார்த்தார். "வர்ற ஞாயிறு வர்றோம். அதுக்குள்ள அங்க வேற யாரும் சாவாம பாத்துக்கங்க."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏங்க, அந்தக் கறுப்பு ஆடு இப்ப யாரு குடுத்தா திங்குது?"

எரிச்சலாகத்தான் வந்தது. அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"மருமக குடுத்தா" என்றேன்.