புருவத் தழும்பு இல்லாத படம்

கும்மிடிப்பூண்டி இரும்பாலைக்கு ஷிஃப்டுக்குப் போன தம்பி வீடு திரும்பவில்லை. நான்காம் நாள் காலை, அவனுடைய பென் டிரைவோடு பஜார் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவன் படத்தைப் பெரிய போஸ்டராக அடித்து ரயில் நிலையங்களில் ஒட்டிவிட்டால், யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். எனக்கு அந்நியரோடு பேச்சு வராது.

ஸ்டூடியோக்காரர் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள்.

"இன்னாண்ணே, இத்தப் போயி போஸ்டர் கேக்கறே? ஒட்டினா செங்கல் காணோம்னு நெனச்சுக்குவாங்க."

என் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "யாருண்ணே?"

"தம்பி."

சிறிது நேரம் மவுஸை உருட்டினார். "படம்னா புள்ளிங்கதான்ணே. யாரோ இத்த சின்னதாக்கி வச்சிருக்காங்க. அப்பவே முக்காவாசி புள்ளி பூட்ச்சு. இப்ப பெருசாக்கினா, பக்கத்துப் புள்ளியப் பாத்து கம்ப்யூட்டரு அதுவா ஒண்ண நெரப்பிக்கும். அது உன் தம்பி மூஞ்சி இல்ல. ஒரிஜினல் இருந்தா எட்த்துக்கினு வா."

அந்த 'யாரோ' நான்தான். போன வருஷம் அவனுடைய ஆன்லைன் வேலை விண்ணப்பத்தில் படம் பெரிதாக இருந்ததால் ஏறவில்லை. பிரவுசிங் சென்டர் பெண் அதைச் சின்னதாக்கிவிட்டு, "இதுலயே சேவ் பண்ணிடட்டா சார்?" என்றாள். அப்படியென்றால் என்னவென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டினேன். சின்னப் படம் பழையதன் மேலேயே பதிந்து, பழைய படம் அப்போதே அழிந்திருக்கிறது. படம் எடுத்த கேமராவும் இரவல். வேறு படம் அவன் எடுத்துக்கொண்டதே இல்லை.

ஸ்டூடியோக்காரர் கட்டங்களை மழுக்கிப் பார்த்தார். முகம் வழவழவென்று வந்தது. அடையாளம் சொல்ல இருந்த ஒரே தழும்பு, இடது புருவத்தில் சிறு வயதில் விழுந்த வெட்டு, அதில் இல்லை. யாரோ ஒரு பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னதாவே போட்டுக் குடுங்க" என்றேன்.

கட்டைவிரல் நகத்தளவு முகம். அந்த அளவில் அது அவன்தான். ஆனால் கையில் வைத்துக் கிட்டே காட்டினால்தான் தெரியும். சுவரில் ஒட்ட முடியாது.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் முதல் வண்டியில் இறங்கியவர்களை ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டாவதில் வந்தவர்களையும் விட்டேன். மூன்றாவதிலிருந்து இறங்கிய ஓர் அம்மாவின் முன்னால் போய்ப் படத்தை நீட்டினேன்.

"இவன எங்கனா பாத்தீங்களாம்மா? படத்துல தெரியாது. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்."

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஆளிடம் போனேன்.