அரைத்திருகு

1986ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வண்டிக்காரரும் ஒரு மெக்கானிக்கும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். சன்னல் கண்ணாடிகளைக் கடையிலிருந்து புதுக் கட்டடங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டிக்காரர், வைப்பர் நின்றுபோன தம் பிக்கப்பைக் கொட்டும் மழையில் ஒரு பட்டறையின் தகரக் கூரைக்கடியில் ஒதுக்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவந்தார்.

"பின்னாடி என்னண்ணே, கண்ணாடியா? அப்ப அசையாம நில்லுங்க. நீங்க தும்மினாக்கூட எனக்குப் பயமா இருக்கும்."

வைப்பரைச் சரிசெய்தவர், யாரும் கேட்காமலேயே ஸ்டீயரிங்கை இரண்டு விரல்களால் அசைத்துப் பார்த்தார். சக்கரங்கள் திரும்புவதற்கு முன்பே அது சற்று வெறுமனே ஆடியது. வண்டிக்காரரை இருக்கையில் அமர்த்தி இப்படியும் அப்படியுமாக ஆட்டச் சொல்லிவிட்டு, ஈரத்தரையில் மல்லாந்து படுத்து, கீழேயிருந்த மூட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார்.

"கண்ணு ஏமாத்திடும்ணே. எது ஆடுதுன்னு கைக்குத்தான் தெரியும். ம், ஆட்டுங்க. இன்னும். போதும், போதும், ஆளு மாட்டிக்கிட்டான்!"

தேய்ந்திருந்த மூட்டை அன்று மாலையே மாற்றினார். கடைசியாக ஸ்டீயரிங் பெட்டியின் தலையிலிருந்த திருகாணியை மிகச் சிறிதளவு முறுக்கினார். "அரைத் திருகு. அதுக்கு மேல போனா பேராசை" என்றார். இவ்வாறு சொல்வது அவருடைய வழக்கமாதலால், 'அரைத்திருகு' என்றே அவருக்குப் பெயர் நிலைத்திருந்தது.

பட்டறையின் பின்னறையில் அவருடைய தங்கை வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன்தான். அடுத்து வந்த மாதங்களில் வண்டிக்காரரின் இருக்கை உறை நியாயத்துக்கு மீறிக் கிழிந்தது.

"உங்க சீட்டுல என்ன முள்ளா முளைக்குது?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் கிழிசலைக் கையால் மூடினார். மேசைக்கப்பாலிருந்து மெக்கானிக் உரக்கச் சிரித்தார். அவர்கள் இருவரின் திருமணத்தை முன்னின்று நடத்தியவரும் மெக்கானிக்தான்.

அன்றுமுதல் 'அண்ணே' என்பது 'மாப்பிள்ளை' ஆயிற்று. வண்டிக்காரரின் இழப்பு அங்கேதான் தொடங்கியது. வாடிக்கையாளராக இருந்தவரை அவருடைய வண்டி வாசலில் நின்றது. உறவினரானபின் மூலைக்குப் போயிற்று. "நம்ம மாப்பிள்ளை வண்டிதானே, எங்க ஓடிடப் போகுது?" என்று சொல்லி மெக்கானிக் பிறருடைய வண்டிகளைக் கவனிக்கப் போவார். வேறு பட்டறையை நாடவும் வழியில்லை. மச்சான் பட்டறை வைத்திருக்கும்போது இன்னொருவரிடம் வண்டியை விடுவது, சொந்த வீட்டில் உலை கொதிக்க, எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பசிக்கிறது என்பதற்குச் சமம்.

ஆண்டுகள் போயின. வண்டி மூப்படைந்தது. நேரான சாலையில் போவதற்கே ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கண்ணாடிகள் சட்டத்துக்குள் முனகின. அவர் பலமுறை பட்டறைக்குப் போனார். மெக்கானிக் இப்போதெல்லாம் கீழே படுப்பதில்லை. முன்மூடியைத் தூக்கி, பெட்டியின் திருகாணியை மட்டும் முறுக்குவார்.

"ஆட்டம் போச்சா மாப்பிள்ளை?"

"போச்சு மச்சான், ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் அப்புறம். பாருங்க, லாரிக்காரன் கழுத்துல கத்தி வெச்சுட்டு நிக்கிறான்."

அரைத்திருகுமேல் அரைத்திருகு சேர்ந்து பெட்டி இறுகிப்போயிற்று. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மறுத்தது. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதையும் சொன்னார்.

"வண்டிக்கும் வயசாகுது, உங்களுக்கும் வயசாகுது. கொஞ்சம் கைபோட்டு ஓட்டுங்க மாப்பிள்ளை. புதுப் பொண்டாட்டியா, சொன்னதும் திரும்ப?" என்று மெக்கானிக் சொன்னதும் பட்டறையே சிரித்தது. வண்டிக்காரரும் சிரித்துவைத்தார்.

ஒரு கோடைக் காலையில் மனைவியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு துணிக்கடைக்குப் புறப்பட்டார். இறக்கத்தில் ஒரு வளைவு. திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தார். சட்டென்று விடுபட்ட அது மறுபக்கம் ஓடிற்று. வண்டி ஒரு மதிற்சுவரில் மோதி நின்றது. அவருக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டுந்தான். முன்பலகையில் ஊன்றியிருந்த அவளுடைய வலக்கை நசுங்கிப்போயிற்று. எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடிக்க அவளால் அதன்பின் இயலவேயில்லை.

மருத்துவமனைக்கு ஓடிவந்த மெக்கானிக், தங்கையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் குழந்தைபோல் அழுதார். பிறகு திரும்பினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டியிருந்தா இது ஆகுமா? வண்டிய நான்ல பாத்துக் குடுத்தேன்! அதுல ஒரு கோளாறும் இல்ல!"

அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "எதப் பாத்துட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். தம்முடைய கவனம் எங்கேனும் சிதறியதோ என்று அவருக்கே ஐயம் பிறந்தது. அந்த ஐயம் தீராமல் உறங்க முடியாது என்று தோன்றியதால், மணமானபின் முதன்முறையாக, ஊரின் மறுகோடியிலிருந்த வேறொரு பட்டறைக்கு வண்டியை இழுத்துச் சென்றார்.

அந்தப் பட்டறைக்காரர் ஓயாமல் பேசுகிற மனிதர், முதுகுவலிக்காரர். "நான் மேல உக்காந்து ஆட்டுறேன், நீங்க கீழ படுத்துக் கை வெச்சுப் பாருங்க சார். என் முதுகு என்னை விவாகரத்து பண்ணி ரொம்ப நாளாச்சு" என்றார்.

வண்டிக்காரர் படுத்தார். மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறகு கை தற்செயலாக ஸ்டீயரிங் பெட்டி பொருந்தியிருந்த, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் தகட்டில் பட்டது. பெட்டியே ஆடியது. ஒவ்வொரு திருப்பலுக்கும் தகடு மூச்சுவிடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது. போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. ஆட்டம் தகட்டில் இருக்க, இத்தனை காலமும் பெட்டியை இறுக்கியிருந்தார்கள்.

பட்டறைக்காரர் குனிந்து விளக்கைக் காட்டினார். விரிசலின்மேல் பழைய வெல்டிங் புள்ளிகள் இரண்டோ மூன்றோ தெரிந்தன. அவற்றின்மேல் கறுப்பு வண்ணம்.

"இத யாரோ முன்னாடியே பாத்திருக்காங்க சார். ரெண்டு பொட்டு வெச்சு, மையப் பூசி, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டுற மாதிரி ஒளிச்சு வெச்சிருக்காங்க. யாரு அந்தப் புண்ணியவான்?"

"தெரியல" என்றார் வண்டிக்காரர்.

அந்த முதல் மழைநாளுக்குப் பிறகு அந்த வண்டியை மச்சானைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. முந்திய ஆண்டு முன்பக்கத்தைக் கழற்றி வண்ணம் பூசியவரும் மச்சான்தான்.

பெட்டியைக் கழற்றி, விரிசலைத் தேய்த்துத் திறந்து முழுமையாகப் பற்றவைத்து, மேலே தடித்த தகடொன்றைப் பொருத்தி, அளவுக்கு மீறி இறுகியிருந்த திருகாணியையும் தளர்த்திக் கொடுத்தார் பட்டறைக்காரர். ஓட்டிப் பார்த்தபோது, வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்திய கணத்தில் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வந்தது. வண்டிக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நேராக மச்சானிடம் போனார்.

"தகட்டுல வெல்டிங் வெச்சது நீங்கதானே?"

மெக்கானிக் கைதுடைக்கும் துணியைக் கீழே போட்டு மறுபடியும் எடுத்தார். "பெட்டியக் கழட்டினாத்தான் முழுசாச் செய்ய முடியும். அன்னைக்கு நேரமில்ல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான். நான் வண்டிய எடுத்திருக்கவே மாட்டேனே."

மெக்கானிக் துணியை உதறித் தோளில் போட்டார். பிறகு அவருடைய முகம் மாறியது. "அது சரி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வேற பட்டறைக்கா போனீங்க?"

"போனேன்."

"என்னக் கேக்காம? எவன் எவனோ என் வேலையத் தோண்டிப் பாத்துச் சிரிக்கவா? மாப்பிள்ளைன்னு மடியில தூக்கி வெச்சதுக்கு நல்லாச் செஞ்சுட்டீங்க!"

குற்றம் அந்த நொடியில் கைமாறியது. மச்சானை ஊரார்முன் அவமதித்த மாப்பிள்ளை என்பதே அதன்பின் உறவினரிடையே நிலவிய பேச்சு. மெக்கானிக் அவரிடம் பேசுவதை நிறுத்தினார். ஆனால், மாப்பிள்ளை வீட்டில் இல்லாத வேளையாகப் பார்த்துத் தங்கையைக் காண வருவதை மட்டும் நிறுத்தவில்லை. பழங்களும் தைலமும் கொண்டுவந்து, விறைத்த விரல்களை மணிக்கணக்கில் நீவிவிடுவார்.

உண்மையை மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வண்டிக்காரர் தவித்தார். ஒரு மாலையில் தொடங்கியும் விட்டார். "அன்னைக்கு நடந்தது என்னோட தப்பு மட்டும் இல்ல..."

அவள் கையுயர்த்தித் தடுத்தாள். "இதுக்கும் எங்கண்ணனச் சொல்லப் போறீங்களா? எனக்கு அம்மா அப்பா எல்லாம் அவர்தான். இந்த உலகத்துல என்கிட்ட பொய் சொல்லாத ஆளு அவர் ஒருத்தர்தான்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணனையும் பறித்துவிட்டால் அவளிடம் எஞ்சுவது என்ன என்ற கேள்வி அவருடைய நாக்கைக் கட்டிப்போட்டது.

அவள் அவருக்குச் சமைத்தாள். காய்ச்சல் கண்டால் கண்விழித்தாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை. எங்கு போவதானாலும் பேருந்துதான். நிறுத்தத்தில் அவள் நிற்க, பக்கத்து இருக்கை காலியாக அவர் அவ்வழியே வண்டியோட்டிச் சென்ற நாள்கள் பல. அவள் வேறு பக்கம் பார்ப்பாள்.

சில ஆண்டுகள் கழித்து மெக்கானிக் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னபின், மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஆளனுப்பினார். வண்டிக்காரர் முகம் மழித்து, வெளுத்த சட்டை அணிந்து போனார். மச்சானே தம் வாயால் தங்கையிடம் சொல்லிவிடப் போகிறார் என்று அவர் நம்பினார்.

கட்டிலருகே அமர்ந்து, இடக்கையால் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"வெந்நீர் வேணும்மா. கொஞ்சம் வாங்கிட்டு வா" என்று மெக்கானிக் அவளை வெளியே அனுப்பினார். காலடி ஓசை தேயும்வரை காத்திருந்தார்.

"மாப்பிள்ளை, அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல மச்சான்."

நோயாளியின் முகம் தளர்ந்தது. வண்டிக்காரர் குனிந்தார். "நீங்களே சொல்லிடுங்க மச்சான். நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னாத்தான் உண்டு. அவ என் பக்கத்துல உக்காந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

நடைவழியில் அவள் திரும்பிவரும் ஓசை கேட்டது. மெக்கானிக் அவருடைய மணிக்கட்டைப் பற்றினார். பிடியில் இன்னும் வலுவிருந்தது.

"நான் போனதுக்கு அப்புறமும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."