ஸ்பேராக இருந்த பத்துக் கம்பிகள்

ஆறு வருஷம் ஒரு தப்பை நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

என் பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதுக்கு இதுல ரெண்டு நெக்?" கேட்கத்தான் தோன்றும். மேஜை மாதிரி நாலு கால், மேலே அக்கம்பக்கமாக இரண்டு நெக், ஒவ்வொன்றிலும் பத்துக் கம்பி, கீழே வரிசையாக எட்டுப் பெடல். "ஒண்ணுல கம்பி அறுந்தா இன்னொண்ணுல வாசிக்கிறதுக்கு. லாரிக்கு ஸ்பேர் வீல் இல்லையா?" என்பேன். எங்கள் தீவில் வக்குவா என்கிற ஊரில் அரசாங்க லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அது என்னிடம் வந்தது இப்படித்தான். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களின் கடற்படை வயர்லெஸ் முகாமில் இருந்த ஒரு மாலுமி, தன் நாட்டுக்குத் திரும்பும்போது அதை விற்றுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நடன ஹால்களில் வாசிக்கிற ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் நான் இருந்தேன். எங்கள் பியானோக்காரன் முகாம் கிளப்புக்கும் வாசிக்கப் போவான். அவன்தான் பேசி முடித்து, வேனில் ஏற்றிவந்து என் வீட்டு வாசலில் இறக்கினான். அதுவரை மடியில் வைத்து வாசிக்கிற ஹவாயன் கிட்டார்தான் எனக்குப் பழக்கம்.

சபைப் பக்கம் இருந்த நெக்கில் துருப்பிடித்த கம்பிகள் இருந்தன. எந்தக் கம்பிக்கு என்ன சுரம் என்று மாலுமி எழுதிய ஒரு தாளும் பெட்டிக்குள் இருந்தது. என் வயிற்றுப் பக்கம் இருந்த நெக் மொட்டை, ஒரு கம்பிகூட இல்லை. தாள் ஒன்றுதான் இருக்கிறது, அப்படியென்றால் சுருதியும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, இரண்டுக்கும் ஒரே மாதிரி கம்பி போட்டேன்.

மூன்று பெடல்கள் அருமையாக வேலை செய்தன. காலால் அழுத்தினால் கம்பி இழுபட்டு சுரம் குழைந்துகொண்டே மேலே ஏறும். எங்கள் பாட்டுக்காரி மூச்சுவிடுகிற இடத்தில் அதை வைத்தால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற ஐந்து பெடல்களும் என் பக்கத்து நெக்கின் கம்பிகளை இழுத்தன. அழுத்தினால் பூனை வாலை மிதித்த சத்தம். மாலுமி எதையோ கெடுத்து வைத்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே அந்த ஐந்து பெடல்களின் இரும்புக் கோல்களையும் கழற்றிவிட்டேன். நுனியில் கொக்கி வைத்த நல்ல கோல்கள். என் மனைவி இரண்டில் அடுப்படிக் கரண்டிகளை மாட்டினாள், ஒன்றை மூங்கிலில் கட்டி லிச்சிப் பழம் பறித்தாள்.

அடிக்கடி மூன்றாவது கம்பி அறுந்தது. அப்போதெல்லாம் சட்டென்று அடுத்த நெக்குக்குத் தாவி, பாட்டு நிற்காமல் வாசித்துவிட்டு, பார்த்தீர்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பேன். மற்ற நேரங்களில் அது கை வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பட்டறை நண்பன் ஒருவனிடம் ஒரு அமெரிக்க இசைத்தட்டு இருந்தது. அதில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவன் ஓரிடத்தில் கனமாக, அடர்த்தியாக ஒரு கார்டு போடுவான். நாலைந்து சுரங்கள் சேர்ந்து கீழேயிருந்து எழுந்து, உள்ளுக்குள்ளேயே இடம் மாறும். அதை என் கிட்டாரில் வாரக்கணக்கில் தேடினேன். கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த கம்பிகளுக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்களோ? தட்டை மெதுவாகச் சுற்றவிட்டுக் கேட்டேன். ஒருவன்தான். பியானோக்காரனைக் கேட்டேன். "பா கொன்னே" என்றான், எங்கள் கிரியோலில் 'தெரியாது' என்று. சொல்லிவிட்டுப் பியானோவை மூடினான். நானும் விட்டுவிட்டேன். தெரியாதவனிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம் அவன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னான். அந்தச் சமயத்தில் பலரும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைவர் சாக்ஸபோன் வாசிப்பவர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"ரோஸ் ஹில்ல ஒரு கிட்டார்க்காரன் இருக்கான். கார்டு நல்லா போடுவான். ஆனா ஹால்காரங்க இனிமே ஒரு ஆள் கூலியக் குறைச்சுத்தான் தருவாங்க, உங்க ரெண்டு பேருக்கும் இடமில்ல. பியானோ இடத்த நீ அடைக்கணும், இல்லேன்னா உன் இடத்துக்கு அவன் வருவான்" என்றார். பிறகு என் கிட்டாரைக் காட்டி, "இருபது கம்பி வச்சிருக்க, ஒரு பியானோவுக்கு ஆகாதா?" என்றார். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு முடிவு செய்வதாகச் சொன்னார்.

வாரம் ஆறு நாள் லாரிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் நான். ஏழாவது நாள் அந்த மேடை இல்லையென்றால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இரண்டு நாள் கழித்துப் பியானோக்காரன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். மாலுமியின் அதே கையெழுத்து, பத்து சுரங்கள். முதல் தாளில் இருந்தது இ-நைன்த் என்ற சுருதி. இது வேறு, சி-சிக்ஸ்த்.

"இது உன் பெட்டியில இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்" என்றான்.

"ஆறு வருஷமாவா?"

"என்னன்னு பாக்கலாம்னு பியானோல வாசிச்சுப் பாத்தேன், மோ ஃப்ரேர். அப்படியே என் இடது கை போடுற கார்டுங்க. இது உனக்குத் தெரிஞ்சா என்னை எதுக்கு வச்சுக்குவாங்க? எனக்கு மூணு புள்ளைங்க."

'மோ ஃப்ரேர்' என்றால் சகோதரா என்று அர்த்தம். அந்த வார்த்தைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஸ்பேர் வீல் கதையை நான் ஊரெல்லாம் அளந்தபோது இவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானே! வெளியே போ என்று கத்தினேன். போனான். அவன் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் பழைய கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன்.

போர்ட் லூயிக்குப் போய்த் தடித்த கம்பிகளாகப் பார்த்து வாங்கிவந்தேன். அடுப்படியிலிருந்து கோல்களைப் பிடுங்கினேன். "அப்ப லிச்சிக்கு?" என்று மனைவி கேட்டாள். புதுச் சுருதியை ஏற்றி, ஐந்தாவது பெடலை அழுத்தினேன். பூனை இல்லை. இசைத்தட்டில் கேட்ட அதே கார்டு என் அறையில் எழுந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. ஒரே பாட்டு ஜி ஸ்கேலில் என்றால், ஒரு நெக்கில் கம்பிமேல் நகர்த்துகிற இரும்புத் துண்டை மூன்றாவது கட்டில் வைக்க வேண்டும், மற்றதில் ஏழாவதில். கை மாறினால் காலும் வேறு பெடல்களுக்கு நகர வேண்டும். எந்த நெக் பேச வேண்டும் என்று ஒரு ஸ்விட்சைத் தட்ட வேண்டும். முதலில் அழுகைப் பாட்டுக்கும் வால்ட்ஸுக்கும் ஒன்று, துள்ளலான பாட்டுக்கு மற்றது என்று பிரித்தேன். அது சுலபம், ஆனால் போதாது. ஒரே பாட்டுக்குள்ளேயே பிரிக்க வேண்டியிருந்தது. பாட்டுக்காரி பாடும்போது அடியில் கார்டு போட சி-சிக்ஸ்த், அவள் மூச்சுவிடும்போது பதில் சொல்ல இ-நைன்த். எந்த இடத்தில் தாவுவது, தாவும்போது விழுகிற ஓட்டையை எதால் மூடுவது? லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. பியானோக்காரனுக்கு அதுதான் கடைசி நடனம். அவனோடு ஒரு வார்த்தையும் பேசாமல் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே ஸ்விட்சைத் தட்ட மறந்துவிட்டேன். கைகள் வாசிக்கின்றன, ஒலிபெருக்கி ஊமையாக இருக்கிறது. தலைவர் ஒரு பார்வை பார்த்தார். ரோஸ் ஹில்காரன் ஹாலுக்கு வந்து ஓரமாக நின்றிருந்தது வேறு என் கண்ணில் பட்டது.

நாலாவது பாட்டு மெதுவானது. என் பக்கத்து நெக்கில் கார்டுகளைப் போட்டுக்கொண்டு, அவ்வப்போது சபைப் பக்கத்துக்குத் தாவி ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் கவனமெல்லாம் கையிலும் காலிலும் இருந்தது. தலைவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தவர் ஒரு கணம் தடுமாறி, திரும்பிப் பியானோவைப் பார்த்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனான் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பியானோக்காரன் எங்களுக்கு நேர் எதிரே தன் மனைவியோடு ஆடிக்கொண்டிருந்தான். அத்தனை வருஷ நடனங்களிலும் அவன் வாசிக்க, அவள் சுவரோரம் ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆட வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டதில்லை. இருவருக்கும் காலடி சரியாக வரவில்லை.

தலைவர் என்னைப் பார்த்து, உன் இடம் உனக்குத்தான் என்பதுபோலத் தலையசைத்தார். பாட்டை முடிக்க வேண்டிய இடம் வந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் முடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன், அதற்கப்புறம் இன்னொரு முறையும் எடுத்தேன்.