சிங்கத்துக்கென்று கட்டிய பெட்டி

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னர் எனக்கு ஆபிரிக்காவில் வேலை கிடைத்தது. நைஜீரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம். கடிதத்தை உடைத்து வாசித்ததும் எவனுக்கும் சம்பளம்தான் நினைவில் வரும். எனக்குச் சிங்கம் வந்தது.

அப்போது நான் குடியிருந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வன்னியில் உடையார்கட்டுக்கு அப்பால், அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தின் கடைசிக் காணி. வேலிக்குப் பின்னால் காடு. காட்டுக்குப் பின்னாலும் காடுதான். எங்கள் வாழைத்தோட்டத்துக்கு யானை தபால்காரனைவிட ஒழுங்காக வரும். சிறுத்தை இரண்டு ஆடுகளைக் கொண்டுபோயிருந்தது. பாலைப்பழக் காலத்தில் கரடியின் சத்தம் குசினிவரை கேட்கும். இவற்றுக்கெல்லாம் நான் பயப்படவில்லையா என்றால், பயப்படுகிற அளவுக்குக் கிட்டப் போகவில்லை என்பதே உண்மை. யானை வந்தால் என் மனைவி தகரத்தையும் வெடியையும் எடுத்துக்கொண்டு இறங்குவாள். நான் உள்ளே நின்று அவளுக்குத் துணையாகச் செருமுவேன்.

காணி மாமனாரின் பெயரில் கிடைத்தது. அவர் காலமானபின் எங்களுக்கு வந்தது. ஆள் இருந்து செய்யாவிட்டால் அரசாங்கம் காணிக்குத் தந்த பேர்மிற் போய்விடும். ஆகவே நான் போனால் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கேயே இருக்கவேண்டும். ஆனால் போய்வந்தால் மண்வீடு கல்வீடாகும், வளவுக்குள் கட்டுக்கிணறு வரும். இரண்டு மாதத்துக்குள் பதில் எழுதவேண்டும்.

"நீர் ஓம் எண்டாத்தான் நான் கையெழுத்து வைப்பன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றால் சிங்கத்திடமிருந்து மரியாதையாகத் தப்பலாம் என்பது என் உள்கணக்கு.

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்லை பெட்டியைக் கட்டுங்கோ, பாப்பம்" என்றாள்.

பெட்டி கட்டுவதற்கு எனக்கு ஒரு வழிகாட்டி இருந்தது. நான் அப்போது படிப்பித்த பள்ளிக்கூடத்தின் அலுமாரியில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகையில், ஒரு வெள்ளைக்காரன் செத்த சிங்கத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கும் படமும், அவன் ஆபிரிக்கக் காட்டுக்குக் கொண்டுபோன சாமான்களின் பட்டியலும் இருந்தன. இரண்டு துவக்கு, முழங்கால்வரை சப்பாத்து, மடிக்கிற குளிப்புத்தொட்டி, மலேரியாவுக்குக் கொயினா, விஸ்கி, நுளம்புவலை. அவன் சிங்கத்தைச் சுடப் போனவன், நான் பின்னக்கணக்குப் படிப்பிக்கப் போகிறவன் என்ற வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பட்டியலோடு முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்குப் பழக்கமான முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். ஊசி முதல் உழவுக் கலப்பைவரை அவர் கடையில் வாங்கலாம். ஒரு றங்குப்பெட்டி வேண்டும் என்றேன். எடுத்து வைத்தார்.

"நானா, சிங்கத்துக்கு ஏதும் இருக்கோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சிங்கத்துக்கு இன்னும் சரக்கு வரேல்லை, மாஸ்ரர். எலிக்கு இருக்கு, தரட்டோ?"

"பகிடி விடாதேங்கோ. நான் ஆபிரிக்காவுக்கெல்லே போறன்."

"அங்கை போய்ப் பள்ளிக்கூடத்திலைதானே நிக்கப்போறியள்? சிங்கம் வந்தா ஒரு பெருக்கல் கணக்கைக் குடுங்கோ. உங்கடை கணக்குக்கு என்ரை மகனே ரெண்டு நாள் காய்ச்சலிலை படுத்தவன்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு யானைவெடியும் ஒரு போத்தல் பிரண்டியும் வாங்கினேன். பிரண்டி பாம்புக்கடிக்கு. கடித்தபின் குடிப்பதா, கடிக்கமுதல் குடிப்பதா என்பதை அங்கே போய்த் தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மற்றவற்றை வீட்டிலிருந்தே சேர்த்தேன். துவக்குக்குப் பதிலாக எங்கள் காட்டுக்கத்தி. பிறகு ரோச் லைற், நுளம்புவலை, கடிவாயில் வைக்கிற விசக்கல். வீட்டில் மிச்சமாகக் கிடந்த வெடிகள். சத்தம் எழுப்புவதற்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். அதற்குள் என் பெனியன்களைச் சுருட்டி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுச் சுள்ளி.

சுள்ளிக்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் காட்டுக்குள் இறங்கமுதல் ஒரு கொப்பை முறித்து மரத்தில் தூக்கிவிட்டு, "ஐயனாரே, நீதான் துணை" என்று சொல்லிப் போவார்கள். முறித்துத் தூக்கியவனை மிருகம் தொடாது. ஆனால் ஆபிரிக்க மரத்துக் கொப்பு எங்கள் ஐயனாருக்குச் செல்லுபடியாகுமோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ஆகவே கிழமைக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து, இரண்டு வருஷத்துக்குப் போதுமான பாலைக்கொப்புகளை ஒரேயளவாக வெட்டி, சணலால் கட்டி வைத்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா?

இதற்கிடையில், அந்தப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு நான் எழுதியிருந்த நான்கு பக்கக் கடிதத்துக்கு ஒரு பக்கத்தில் பதில் வந்தது. தங்கள் ஊர் பெரிய பட்டணம், தாம் பிறந்ததிலிருந்து ஒரு சிங்கத்தையும் கண்டதில்லை, விடுதியில் சமைக்கும் சாப்பாடு உங்களவர்களுக்குப் பிடிக்காதாம், ஆகவே தேவையான மிளகாய்த்தூளைக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எந்த வாத்தியார் போவான்? ஆளைப் பிடிப்பதற்காக மிருகத்தை மறைக்கிறார் என்று முடிவுகட்டி, பெட்டிக்கு ஒரு பெரிய பூட்டுப் போட்டேன். திறப்பைத் தொலைத்துவிடுவேன் என்ற பயத்தில் அரைஞாண்கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

அன்றைக்கே, பொழுது படுகிற நேரம், வாழைத்தோட்டத்தில் மரம் முறியும் சத்தம் கேட்டது.

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "தகரம் எங்கை?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"வெடி?"

பெட்டியைப் பார்த்தேன்.

"ரோச் லைற்றும் அதுக்குள்ளையோ? ஐயோ, திறவுங்கோவன்! கிணத்தடிப் பக்கம் வருகுது!" கிணறு இன்னும் வெட்டவில்லை, வெட்டப்போகும் இடத்தைத்தான் அவள் அப்படிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

முடிச்சு அவிழவில்லை. வியர்வையில் கயிறு இறுகிவிட்டது. கயிற்றை அறுக்கலாம் என்றால் கத்தியும் பெட்டிக்குள். வேறு வழியில்லாமல் பெட்டிக்குமுன் முழங்காலில் நின்று, இடுப்பைப் பூட்டோடு ஒட்டிவைத்து, திறப்பைத் துளைக்குள் விட முயன்றேன். பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து என்னைப் பார்த்தார்கள். "அப்பா என்ன செய்யிறார்?" என்று சின்னவள் கேட்டாள். "கும்பிடுறார்" என்றாள் பெரியவள்.

மனைவி காத்திருக்கவில்லை. அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளியை இழுத்து ஒரு கையிலும், சோற்றுப் பானை மூடியை மறுகையிலும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். மூடியைத் தூணில் அடித்து, காட்டுக்கே கேட்கும்படி கூவினாள். வழக்கமாகத் தகரத்துக்கும் வெடிக்கும் போகிற யானை, மூடிச் சத்தத்தை மதிக்கவில்லை. இரண்டடி முன்னுக்கு வந்தது. நான் யன்னலால் கண்டேன். அவளுக்கும் அதற்கும் இடையில் நாலு வாழைமரம் நின்றது. அதிலும் ஒன்று முறிந்தது. செருமுவதைக்கூட நான் மறந்துபோனேன்.

அவள் கொள்ளியை வீசி எறிந்தாள். அது காய்ந்த வாழைச்சருகில் விழுந்து குப்பென்று பற்றியது. யானை தலையை ஆட்டிவிட்டு, அவசரமே இல்லாமல், வேலியை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

அந்த நேரத்தில்தான் பூட்டுத் திறந்தது.

அவள் கரிபடிந்த கையோடு உள்ளே வந்தாள். பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இதென்ன விறகோ?"

"ஐயனாருக்கு."

"அங்கை மரமில்லாத காடோ?" சுள்ளிக்கட்டு குசினிப் பக்கம் பறந்தது. "உங்களுக்குப் பட்டணம் எண்டு அந்த மனுசன் எழுதியிருக்கு. யானை இஞ்சை. கரடி இஞ்சை. பாம்பு இஞ்சை. வெடியும் வெளிச்சமும் நைஜீரியாவுக்கோ? நானும் ரெண்டு பிள்ளையளும் என்னத்தோடை இருக்கிறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்ப நான் போகேல்லை. உங்களை இப்பிடி விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றேன்.

அவள் தகரத்துக்குள்ளிருந்து என் பெனியன்களை உருவி என் மடியில் போட்டாள். "நீங்கள் போங்கோ. கிணறு வேணும். யானை வந்தா நான் பிள்ளையளைப் பாக்கவேணும், யானையைப் பாக்கவேணும், அதோடை உங்களையும் பாக்கவேண்டிக் கிடக்கு. ஒராள் குறைஞ்சா எனக்கு லேசு."

நைஜீரியாவுக்கு என் பெட்டியில் போனவை இவை: நாலு சேட், நாலு நீளக் காற்சட்டை, பெனியன்கள், ஒரு பெரிய பேணி மிளகாய்த்தூள், ஒரு சின்னப் பேணி மிளகாய்த்தூள். பிரண்டியையும் அவள் விடவில்லை. பாம்பு இங்கேதானே இருக்கிறது என்றாள்.

அந்தப் பட்டணத்தில் இரண்டு வருஷத்தில் நான் கண்ட பெரிய மிருகம், சந்தைக்கு வந்த ஒரு கொம்பன் மாடு. மனைவியின் கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும். வேளாண்மை, பிள்ளைகளின் படிப்பு, கடைசி வரியில் யானை வந்து போன கதை. கடைசி வரியை முதலில் வாசித்தபின்தான் மற்றவற்றை வாசிக்க என்னால் முடியும்.

ஒருநாள் நான் அப்படிக் கடிதத்தைக் கீழிருந்து மேலாக வாசிப்பதைக் கண்டு, கூடப் படிப்பித்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் காரணம் கேட்டார். சொன்னேன். கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். வீட்டு வாசலுக்கே யானையா, அங்கேயா மனைவியை விட்டுவிட்டு வந்தாய் என்று திரும்பத்திரும்பக் கேட்டார். இலங்கைக்கு ஒருமுறை வரவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். கடைசியில் மெல்லிய குரலில், உங்கள் ஊருக்கு வருவதானால் என்னென்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் மனைவிக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த மாதம் பதில் வந்தது:

"அவரை வரச்சொல்லுங்கோ. ஒண்டும் கொண்டுவர வேண்டாம், ஓடத் தெரிஞ்சாக் காணும். அதை நீங்களே படிப்பிச்சு விடுங்கோ."